குழந்தைப்பேறு சிகிச்சையும் வைட்டமின் டி-யும்

“வைட்டமின் டி குறைவாக உள்ளதே, அதனால்தான் கரு தங்கவில்லையா?” குழந்தைப்பேறு சிகிச்சை பெறும் தம்பதியர் பலர் கேட்கும் கேள்வி இது. அதற்கான விடையை இங்கே விளக்குகிறோம்.

வைட்டமின் டி எலும்புகளுக்கு மட்டும் உரியதன்று. சினைப்பை, கருப்பையின் உட்படலம், விந்தணு ஆகியவற்றிலும் அதனை ஏற்கும் புரதங்கள் உள்ளன. 11 ஆய்வுகளில் இடம்பெற்ற 2,700 பெண்களின் விவரங்களைத் திரட்டிய தொகுப்பாய்வு ஒன்று 2018-இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களுள் வைட்டமின் டி போதிய அளவில் இருந்தோர்க்குக் குழந்தைப்பேறு கூடுதலாக வாய்த்ததை அது காட்டியது.

ஆயினும், குறைபாட்டை மருந்தால் நீக்கினால் வெற்றி கூடுமா என்பது வேறு கேள்வி. இத்தாலியில் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சைக்கு வந்த, வைட்டமின் டி குறைந்திருந்த 630 பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு 6 லட்சம் அலகு வைட்டமின் டி ஒரே வேளையில் தரப்பட்டது. மறு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மருந்து. 2021-இல் வெளியான முடிவின்படி, கருவுற்றோர் முறையே 37 விழுக்காடு, 40 விழுக்காடு. மருந்தால் பயன் கூடவில்லை. முந்தைய ஆய்வுகளில் தென்பட்ட வேறுபாட்டுக்கு உடல் எடை, பொது உடல்நலம் போன்றவையும் காரணமாக இருந்திருக்கலாம்.

ஆகவே, சிகிச்சை பலிக்காததற்கு இக்குறைபாடே காரணம் என்று எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. எனினும், தாயின் எலும்புக்கும் வயிற்றில் வளரும் சிசுவுக்கும் வைட்டமின் டி இன்றியமையாதது. குறைவிருப்பின் சரிசெய்துகொள்வதே நலம். பொதுவாக, இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருப்பின் அது குறைபாடாகும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத சங்கரன்கோவிலில் குறைபாடு எவ்வாறு வரும் என வியக்கலாம். பகல் முழுதும் விசைத்தறிக் கூடத்திலோ வீட்டினுள்ளோ இருப்போர்மீது வெயில் படுவதில்லை. இளவெயிலும் போதாது, திருப்பதியில் நடந்த ஆய்வில், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே தோலில் இச்சத்தை நன்கு உருவாக்கியது. அந்நேரத்தில் தோல் கன்றாத அளவுக்குச் சிறிது நேரம் கைகால்களில் வெயில் படுதல் போதும். மத்தி மீனும் முட்டையின் மஞ்சட்கருவும் ஓரளவு உதவும்.

ஓர் எச்சரிக்கை: வாரம் ஒரு முறை எனத் தரப்படும் 60,000 அலகு மருந்தை நாள்தோறும் உட்கொள்ளாதீர்கள். இரத்தத்தில் கால்சியம் மிகுந்து வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம். அளவு உயரட்டும் எனச் சிகிச்சையை நீங்களாகவே தள்ளிப்போடவும் வேண்டா. வயது கூடுதல் அதனினும் பெரிய தடையாகும். பரிசோதனை அறிக்கையுடன் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து மருத்துவரிடம் கலந்து முடிவெடுங்கள்.