கரண்ட் வைப்பதற்கு முன் பல்லைப் பிடுங்க வேண்டுமா?

வாய்ப்புற்றுக்கோ தொண்டைப் புற்றுக்கோ கதிர்வீச்சு (பேச்சுவழக்கில் ‘கரண்ட்’) கொடுக்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வலியே இல்லாத மூன்று நான்கு பற்களை எடுக்கணும் என்பார். புற்றுநோய்க்குத்தானே வந்தோம், பல்லை ஏன் பிடுங்குகிறார்கள் என்று வீட்டார் குழம்புவது நியாயமே.

காரணம் பல்லில் இல்லை, தாடை எலும்பில் இருக்கிறது. இந்தப் புற்றுகளுக்குப் பெரும்பாலும் 60 முதல் 70 கிரே (கதிர் அளவின் அலகு) வரை, வாரம் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் கொடுப்பார்கள். அந்த அளவு விழுந்த எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்து, புண்ணை ஆற்றிக்கொள்ளும் திறன் போய்விடுகிறது. பிறகு பல்லைப் பிடுங்கினால் குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்து, செத்துப்போகலாம். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில்தான் இந்த ஆபத்து அதிகம். போதாக்குறைக்கு உமிழ்நீர் வற்றிவிடும். நல்ல பற்களே ஈறோரத்தில் மளமளவென்று சொத்தையாகும்.

ஆகவே, பின்னால் எடுக்க வேண்டிவரும் என்று தெரிகிற பல்லை இப்போதே எடுப்பதுதான் கணக்கு. ஒரு காலத்தில் எல்லாப் பற்களையும் பிடுங்கிய வழக்கமும் இருந்தது. இன்று அப்படிச் செய்யத் தேவையில்லை. கதிர் எங்கே, எவ்வளவு விழும் என்பதைக் கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்டுத்தான் பல் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். கதிர் அதிகம் விழும் இடத்தில் உடைந்து நிற்கும் வேர், அடைக்க முடியாத ஆழச் சொத்தை, ஈறு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் விட்டுப்போன பல், பாதி முளைத்துத் தொல்லை தரும் ஞானப்பல் ஆகியவற்றைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். எலும்புக்குள் முழுதாகப் புதைந்து சும்மா கிடக்கும் ஞானப்பல்லைத் தோண்டினால் பெரிய காயம்தான் மிச்சம், விட்டுவிடலாம். அடைக்க முடிந்ததை அடைக்கலாம்.

அடுத்து, ஆளைப் பார்ப்பார்கள். தினமும் ஒழுங்காகத் துலக்குவாரா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர முடியுமா? பாக்கு மென்று மென்று வாய் திறப்பு குறைந்தவருக்குப் பின்னாளில் கடைவாய்க்குக் கருவியே எட்டாது. அதனால் ஒரே நிலையில் உள்ள பல் ஒருவருக்கு நிற்கும், இன்னொருவருக்குப் போகும். தூரத்து ஊர்க்காரர் பஸ் செலவுக்குப் பயந்து வரமாட்டார் என்று பல்லை எடுப்பது சங்கடமான விஷயம்தான். ஆனால் அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது அதைவிட மோசம்.

பிடுங்கிய இடம் ஆற குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும். புற்று அதற்காகக் காத்திருக்காது. எனவே நோய் உறுதியான வாரத்திலேயே பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. முதலில் அறுவை சிகிச்சை என்றால், அதே மயக்கத்தில் பற்களையும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆற நாளில்லாவிட்டால் எத்தனை பல்லை எடுப்பது என்பதையும் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான்; பல்லுக்காகப் புற்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

மிஞ்சிய பற்களுக்கு மருத்துவர் எழுதித்தரும் ஃப்ளோரைடை ஆயுள் முழுக்கத் தினமும் பயன்படுத்த வேண்டும். பத்து வருஷம் கழித்துத் தெருமுனைக் கிளினிக்கில் பல்வலிக்குப் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே கரண்ட் வைத்ததைச் சொல்லி, பழைய சிகிச்சைத் தாளைக் காட்டுங்கள். அப்போது அவர் பிடுங்காமல், ரூட் கெனால் செய்து வேரை உள்ளேயே விட்டுவைக்க முடியுமா என்று பார்ப்பார்.