மதிய நேரத்துக் கதைகளும் ஒரு மருத்துவப் பரிசோதனையும்

சோப்புக்கும் கண்ணீர்க் கதைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது, சகோதரிகளே! அமெரிக்காவில் மதிய வேளையில் வரும் தொடர் நாடகங்களுக்குப் பெயரே 'சோப் ஆபரா'தான். ஆபரா என்றால் இசை நாடகம். ஆனால் இந்தக் கதைகளில் பாட்டும் கிடையாது, கூத்தும் கிடையாது. 1930களில் இவை ரேடியோவில் வந்தபோது செலவை ஏற்றுக்கொண்டவர்கள் சோப்புக் கம்பெனிக்காரர்கள். துணி துவைப்பவளும் பாத்திரம் தேய்ப்பவளும் பகலில் வீட்டில்தானே இருக்கிறாள்? அவள் காதில் விழுகிற மாதிரி ஒரு கதை. நடுநடுவே நம் சோப்புத் தூளின் பெயர். கணக்கு பிரமாதமாகப் பலித்தது. கேலியாக வைத்த பெயர் அப்படியே நிலைத்தும் விட்டது.

1933இல் தொடங்கிய 'மா பெர்க்கின்ஸ்' என்ற ரேடியோ தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிடால் சோப்புத் தூளுக்காக வந்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் ஒரு விதவைத் தாயின் கதை. அந்தத் தாயாகப் பேசிய வர்ஜீனியா பெய்னுக்கு அப்போது வயது 23! தொடர் 1960 நவம்பரில் முடிகிற வரை, 27 வருஷம், ஒரே குரல். இளம் பெண்ணின் குரல் பாட்டியின் பாத்திரத்துக்காகக் காத்திருந்து, கடைசியில் அந்த வயதுக்குப் பக்கத்தில் வந்தே விட்டது.

இந்த நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று அமெரிக்காவில் தாத்தா பாட்டிகள். அவர்கள் கூடிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. "என் பாட்டி அதை நாடகம் என்று சொன்னதே கிடையாது. 'என் கதைகள்' என்றுதான் சொல்வாள்" என்பார்கள். அந்த அரை மணி நேரம் யாரும் பாட்டியைக் கூப்பிடக் கூடாது. இஸ்திரிப் பெட்டி ஒரு கையில், கண் டி.வி. மேலே!

டீச்சர் சொன்ன கதை

இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு பெண்மணி. இர்னா ஃபிலிப்ஸ். ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரில் டீச்சராக இருந்தவர். சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். வானொலியில் 1930இல் 'பெயின்டட் ட்ரீம்ஸ்' என்ற தொடரை எழுதி, அதில் வரும் அம்மா வேஷத்தில் தாமே பேசினார். வானொலியின் முதல் சோப் ஆபரா என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் 'இந்தக் கதை யாருக்குச் சொந்தம்?' என்று தகராறு வந்தது. அவர் விலகினார், கோர்ட்டுக்கும் போனார், தோற்றார். தோற்றாலும் பாடம் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு தம் கதைகளின் உரிமையைத் தம் கையிலேயே வைத்துக்கொள்வதில் வெகு கெட்டிக்காரியாகி விட்டார்.

அவர் பேனா பிடித்து எழுதுபவர் அல்ல. அறைக்குள் உலாவிக்கொண்டே ஒவ்வொரு பாத்திரமாகப் பேசிக் காட்டுவார். காரியதரிசி டைப் அடித்துக்கொள்வார். உச்சத்தில் இருந்த காலத்தில் வருஷத்துக்கு 20 லட்சம் சொற்கள்! 1937இல் ரேடியோவில் அவர் தொடங்கிய 'கைடிங் லைட்' 1952இல் டெலிவிஷனுக்கு வந்தது. 2009 செப்டம்பர் வரை ஓடியது. ரேடியோவும் டி.வி.யும் சேர்ந்து 72 வருஷம்!

ஆரம்பத்தில் ஒவ்வொரு தொடரும் 15 நிமிஷம்தான். 'அரை மணி நேரம் கொடுங்கள், மனிதர்கள் நிதானமாகப் பேசட்டும்' என்று இர்னா வாதாடினார். 1956 ஏப்ரல் 2ஆம் தேதி 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' பிறந்தது. அதே நாளில் 'தி எட்ஜ் ஆஃப் நைட்'டும். இரண்டும் அரை மணி நேரத் தொடர்கள். 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' கதையில் அடிதடி கிடையாது. சமையலறை மேஜையில் ஒரு காபி, இரண்டு பேர், ஒரு மனக்கஷ்டம். அவ்வளவுதான்! ஆனால் பக்கத்து வீட்டில் நடக்கிற மாதிரி இருந்தது.

தப்பு செய்தால் செய்ததுதான்

அந்தக் காலத்தில் எப்படித் தயாரித்தார்கள் என்று கேட்டால் மலைத்துப் போவீர்கள். ஒளிப்பதிவு என்பதே இல்லாமல் நேரடி ஒளிபரப்பு! மதியம் ஒன்றரை மணிக்கு நடிகை என்ன சொல்கிறாளோ அதே நிமிஷம் நாட்டின் வீடுகளில் கேட்கும். மறந்துவிட்டால்? மறந்ததுதான். கதவு திறக்காமல் மக்கர் பண்ணினால்? சமாளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போக வேண்டியதுதான்.

வசனத்தை வீட்டிலேயே நெட்டுருப் போட்டுவிட்டுக் காலையில் வந்துவிடுவார்கள். முதலில் வெறும் அறையில் ஒத்திகை. பிறகு 'இங்கே நில், அங்கே திரும்பு' என்று செட்டில் ஒத்திகை. பிறகு உடை, ஒப்பனையோடு முழு ஒத்திகை. அப்புறம் நிஜமான காட்சி. விளம்பரம் ஓடுகிற ஒரு நிமிஷத்தில் நடிகை ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு ஓட்டமாக ஓடுவார். ஓரத்தில் ஒருவர் ஆர்கன் வாத்தியத்தோடு உட்கார்ந்து, அதிர்ச்சியான இடத்தில் 'டொய்ங்' என்று ஒரு சுரத்தை இழுப்பார். வாரத்தில் 5 நாள், ஆண்டு முழுவதும் இதே கதைதான்.

இதில் ஒரு சூட்சுமத்தைக் கவனியுங்கள். பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நேற்று நடந்ததை இன்று மறுபடி பேசுவார்கள். 'என்ன ஜவ்வு மாதிரி இழுக்கிறார்கள்!' என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அது காரணமாகத்தான். பார்க்கிறவள் அடுப்படியில் இருக்கிறாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள். திரையைப் பார்க்காமலே, காதால் மட்டும் கதையைத் தொடர முடிய வேண்டுமே! ஆர்கன் ஒலித்தால் கரண்டியோடு ஓடிவரலாம். ரேடியோ கற்றுக்கொடுத்த வித்தை அது.

நேரடி ஒளிபரப்பின் உருக்கமான சம்பவம் ஒன்றும் உண்டு. 1963 நவம்பர் 22. 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' நாடகத்தில் நான்ஸியாக நடித்த ஹெலன் வாக்னர், மாமனாரோடு வீட்டு விஷயம் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று திரையில் செய்தி அறிவிப்பு அட்டை. வால்ட்டர் கிராங்கைட்டின் குரல். ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார்! செய்தி அறையின் காமிரா சூடாகித் தயாராகாததால் முகம் இல்லை, குரல் மட்டும். ஸ்டுடியோவில் நடித்துக்கொண்டிருந்தவர்களுக்கோ எதுவும் தெரியாது. அவர்கள் பாட்டுக்குக் குடும்பக் கதையைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அன்று மதியம் அந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இன்றும் இதை மறக்கவில்லை. அந்த நான்ஸி பாத்திரத்தை ஹெலன் வாக்னர் 1956இல் முதல் நாள் முதல் வசனத்திலிருந்து, 2010இல் தமது 91ஆம் வயதில் மறையும் வரை செய்தார்.

அழிந்துபோன நாட்கள்

பிறகு வீடியோ டேப் வந்தது. ஆனால் அந்த நாளில் இரண்டு அங்குல அகல டேப் யானை விலை. வெட்டி ஒட்டுவது பெரிய வேலை. எனவே டேப்பில் பதிவு செய்தாலும் நேரடி ஒளிபரப்பு மாதிரியே நிறுத்தாமல் எடுத்தார்கள். 1966 முதல் 1971 வரை வந்த 'டார்க் ஷாடோஸ்' என்ற பேய்க் கதைத் தொடரின் ரசிகர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கல்லறைச் சுவர் ஆடும். மைக்கின் நிழல் பேயின் தலைமேல் விழும்! பள்ளி விட்டதும் ஓட்டமாக ஓடிவந்து அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

இன்னொரு வருத்தம். ஒளிபரப்பானதும் அதே டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்துவிடுவார்கள். இப்படி 1950, 60களின் எத்தனையோ தொடர்களின் ஆயிரக்கணக்கான பகுதிகள் போயே போய்விட்டன. பகல் நேரத்துப் பெண்கள் நாடகம்தானே, யார் பத்திரப்படுத்தப் போகிறார்கள் என்ற அலட்சியம்! 'டார்க் ஷாடோஸ்' மட்டும் அதிர்ஷ்டம் செய்தது. 1,225 பகுதிகளில் கிட்டத்தட்ட எல்லாமே மிஞ்சின.

ரசிகர்கள் கேலி செய்யும் இன்னொரு சமாசாரம் குழந்தைகள். கதையில் குழந்தை பிறக்கும், தொட்டிலில் கிடக்கும். மாடிக்குத் தூங்கப் போகும். சில மாதம் கழித்து மாடியிலிருந்து இறங்கி வரும்போது கல்லூரி மாணவன்! காதல் காட்சிக்கு ஆள் வேண்டுமே! நடிகர் மாறினாலோ, 'இந்தப் பாத்திரத்தில் இன்று முதல் இன்னார்' என்று ஒரு குரல் அறிவிக்கும். இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு எல்லோரும் பழகிக்கொள்வார்கள்.

சொல்லக் கூடாத மூன்று வார்த்தைகள்

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். இர்னாவின் சிஷ்யை ஆக்னஸ் நிக்ஸன். அவருடைய தந்தைக்குச் சவ அடக்கத்துக்கான உடைகள் தைக்கும் தொழில். மகள் எழுத்தாளராவதில் அவருக்கு இஷ்டமில்லை. 'பிழைக்கத் தெரியாத வேலை' என்று இர்னாவே சொல்லி மகளின் மனத்தை மாற்றட்டும் என்று சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். இர்னா அந்தப் பெண் எழுதிய நாடகத்தை வாங்கி உரக்கப் படித்தார். படித்து முடித்து, 'என்னிடம் வேலைக்கு வருகிறாயா?' என்று கேட்டுவிட்டார்!

ஆக்னஸின் தோழி ஒருவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த நோயை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் எளிய பரிசோதனை அப்போதே இருந்தது. டாக்டர் பாப்பனிக்கொலா கண்டுபிடித்த 'பாப் ஸ்மியர்' சோதனை. ஆனால் கூச்சத்தாலும் அறியாமையாலும் பெண்கள் போவதில்லை. 'நம் கதையைத்தான் லட்சக்கணக்கான பெண்கள் தினமும் கேட்கிறார்களே, அதிலேயே சொன்னால் என்ன?' என்று ஆக்னஸ் யோசித்தார். 'கைடிங் லைட்'டில் எல்லோருக்கும் பிடித்த பெர்ட் பாயருக்கே அந்த நோய் வருவதாகக் கதை அமைத்தார்.

டி.வி.காரர்களும் சோப்புக் கம்பெனியும் தயங்கினார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். 'புற்றுநோய்' என்று சொல்லக் கூடாது. 'கர்ப்பப்பை' என்று சொல்லக் கூடாது. 'கர்ப்பப்பை நீக்கும் ஆபரேஷன்' என்றும் சொல்லக் கூடாது! இந்த மூன்றையும் சொல்லாமல் அந்தக் கதையை எப்படி எழுதுவது? நீங்களே சொல்லுங்கள். ஆனால் 1962இல் ஆக்னஸ் எழுதிக் காட்டினார். பெர்ட் டாக்டரிடம் போகிறாள். ஆரம்பக் கட்டத்திலேயே கோளாறு தெரிகிறது. சிகிச்சை பெற்றுப் பிழைக்கிறாள். வார்த்தை இல்லாமலே வீட்டுப் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நம் பெண்கள் பொதுவாக 'அந்த இடத்தில் ஏதோ' என்றுதானே பேசிக்கொள்கிறோம்? பாதி சொன்னால் மீதியைப் புரிந்துகொள்வதில் உலகம் முழுவதும் பெண்கள் ஒன்றுதான்.

பெர்ட்டாக நடித்த சரிட்டா பாயருக்கும் ஒரு சோதனை வந்தது. 1950 முதல் அந்தப் பாத்திரத்தைச் செய்தவர். வயதான காலத்தில் ரத்த ஓட்டக் கோளாறால் நிஜமாகவே அவருடைய ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. அவரை ஒதுக்காமல், 1984இல் பெர்ட்டுக்கும் அதே நிலை என்று கதையில் சேர்த்தார்கள். கால் இழந்த ஒரு மூதாட்டி அழுது, கோபப்பட்டு, பிறகு மெல்லத் தேறுவதை நேயர்கள் பார்த்தார்கள். மறு வருஷம் சரிட்டா காலமானார். அந்தக் காட்சிகளைப் பற்றிப் பேசும்போது பழைய ரசிகர்களுக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

திரை இறங்கிய பிறகு

பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் மதிய வேளையில் வீடு காலியானது. வீடியோ ரெக்கார்டர் வந்து கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தது. 2008இல் 'கைடிங் லைட்' செலவைக் குறைக்கக் கையடக்கக் காமிராக்களோடு நியூ ஜெர்சியில் ஒரு சிற்றூருக்குப் போய்ப் படமெடுத்தது. மறு வருஷமே முடிந்தது. 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' 2010இல் முடிந்தது. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022இல் இணையத்துக்குக் குடிபோனது. 1963இல் தொடங்கிய 'ஜெனரல் ஹாஸ்பிடல்' 60 வயதைத் தாண்டிவிட்டது. 1990களில் ஸ்டார் டி.வி. வழியாக நம் நாட்டு வீடுகளுக்கு வந்த 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' நாடகமும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

'வேலை வெட்டி இல்லாதவர்கள் பார்ப்பது' என்று இந்த நாடகங்களைப் பழித்தவர்கள் ஏராளம். இருக்கட்டும். அந்த வேலை வெட்டி இல்லாத நேரத்தில்தான் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், வாயில் சொல்ல அனுமதியில்லாத ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள்.

இன்று எந்த வார்த்தைக்கும் தடையில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த முடியும். 30 வயதானதும் பெண்கள் இந்த நோய்க்கான பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 9 முதல் 14 வயதுள்ள பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. கடைசியாக நீங்கள் எப்போது பரிசோதனை செய்துகொண்டீர்கள்? யோசித்துப் பார்த்து நினைவுக்கு வரவில்லை என்றால், இன்றைய சீரியல் முடிந்ததும் டாக்டருக்கு ஒரு போன் செய்யுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.