ஃபார்மட் கடைசி வழி

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மாதத்துக்கான விண்டோஸ் அப்டேட்டை வெளியிடும். இந்தியாவில் அப்போது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அதனால் நமக்கு அதன் பலாபலன் தெரிவது புதன்கிழமைக்குப் பிறகுதான். முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடிய பிரிண்டர் அசையாது. ஸ்பீக்கரில் சத்தம் வராது. சில கணினிகள் உள்ளேயே விடாமல் நீலத்திரையைக் காட்டி நிற்கும். இந்த இரண்டாம் செவ்வாய் வழக்கம் 2003 அக்டோபரில் தொடங்கியது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபின் வீட்டுக் கணினிகளில் 'வேண்டுமா, வேண்டாமா' என்ற கேள்வியும் போய்விட்டது. அப்டேட் தானாக இறங்கி, தானாக நிறுவிக்கொள்கிறது.

மக்கர் செய்யும் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது கடைக்காரருக்குச் சுலபம், கோப்புகளை இழக்கும் நமக்குத்தான் நஷ்டம். அப்டேட்டால் வந்த கோளாறுக்குப் பெரும்பாலும் அது தேவையும் இல்லை. விண்டோஸ் தன்னை மாற்றிக்கொள்ளும்போதே பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் எடுத்துவைத்துக்கொள்கிறது. அந்த வழி எங்கே இருக்கிறது, எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

உள்ளே நடப்பது என்ன?

அப்டேட்டில் மூன்று வகை உண்டு. மாதாமாதம் வருவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கு. ஆண்டுக்கு ஒருமுறை வருவது ஏறக்குறைய புதிய விண்டோஸ். மூன்றாவது, டிரைவர்: பிரிண்டர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு போன்ற வன்பொருளோடு இயங்குதளம் பேசுவதற்கான மென்பொருள். எது வந்தபின் கோளாறு தொடங்கியது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

மாதாந்திர அப்டேட் இறங்கியதும் புதிய கோப்புகள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற கிடங்குக் கோப்புறையில் போய்ச் சேரும். பழைய பதிப்புகளும் அங்கேயே இருக்கும். பயன்பாட்டில் உள்ள கோப்பை விண்டோஸ் மாற்ற விடாது. ஓடும் பஸ்ஸுக்குச் சக்கரம் மாற்ற முடியாதல்லவா? அதனால்தான் மறுதொடக்கம் கேட்கிறது, சதவீதக் கணக்குக் காட்டுகிறது. அந்த நேரத்தில் சுவிட்சை அணைப்பது பாதி மாறிய நிலையில் கணினியை அந்தரத்தில் விடுவதாகும். எண்ணிக்கை ஒரே இடத்தில் நின்றாலும் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் காத்திருப்பதே நல்லது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஏன் கெடுகிறது? விண்டோஸ் ஓடும் வன்பொருளுக்கு அளவே இல்லை. எல்லாச் சேர்க்கையையும் முன்கூட்டியே சோதிக்க யாராலும் முடியாது. 2021 மார்ச் 9 அன்று வந்த அப்டேட்டுக்குப் பிறகு, சில வகைப் பிரிண்டர்களுக்கு அச்சிடக் கட்டளை கொடுத்த உடனே கணினி நீலத்திரையில் விழுந்தது. அதே அப்டேட்டைப் போட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரத்துக்குள் திருத்தம் வந்தது.

தேதியைப் பிடியுங்கள்

முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள். 'ஷட் டவுன்' செய்து மறுபடி இயக்குவது அதற்கு ஈடாகாது. வேகமாகத் துவங்குவதற்காக, ஷட் டவுனின்போது இயங்குதளத்தின் கருவை விண்டோஸ் டிஸ்க்கில் சேமித்து மறுமுறை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதிலிருந்த குழப்பமும் கூடவே வந்துவிடும். ரீஸ்டார்ட்தான் முற்றிலும் புதிய தொடக்கம்.

அதற்கும் மசியவில்லை என்றால் தேதிகளைப் பாருங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் 'அப்டேட் ஹிஸ்டரி' இருக்கிறது. எந்த நாள் எது நிறுவப்பட்டது என்பது, 'கேபி' என்று தொடங்கும் எண்ணோடு அதில் பதிவாகியிருக்கும். தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் இன்னொரு கருவி திறக்கும். நாட்காட்டிபோல் ஒவ்வொரு நாளிலும் எந்த மென்பொருள் வந்தது, எது செயலிழந்தது என்று சிவப்புக் குறிகளோடு காட்டும். அநேகம் பேர் கண்டிராத இந்தப் பக்கம் பல சமயம் ஒரே பார்வையில் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். கோளாறு அப்டேட்டுக்கு முந்தைய வாரமே தொடங்கியிருந்தால் பழி வேறிடத்தில் இருக்கிறது. கேபி எண்ணை இணையத்தில் தேடினால் மற்றவர்களுக்கும் அதே தொல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

கணினி திறக்கிறது என்றால்

சத்தம், வைஃபை, பிரிண்டர் என்று ஒன்றுமட்டும் படுத்தினால் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அழுத்துங்கள். பழைய டிரைவர் திரும்பும். மாதாந்திர அப்டேட் காரணம் என்றால் அப்டேட் ஹிஸ்டரியிலேயே அதை நீக்க வழி உண்டு. பெரிய ஆண்டு அப்டேட் என்றால் 'கோ பேக்' வசதி பத்து நாட்களுக்குத்தான் இருக்கும். அதுவரை பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையில் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். இடம் அடைக்கிறதே என்று அதை நீங்களே அழித்துவிட்டால் அன்றைக்கே அந்தக் கதவு மூடிவிடும்.

இன்ன இடத்தில் என்று சொல்ல முடியாமல் எல்லாமே தடுமாறினால் இயங்குதளக் கோப்புகள் சிதைந்திருக்கலாம். 'டிஸ்ம்', 'எஸ்எஃப்சி' என்ற இரண்டு கட்டளைகள் இதற்காகவே உள்ளன. டிஸ்ம் வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கைச் சரிசெய்யும். எஸ்எஃப்சி அந்தக் கிடங்கிலிருந்து நல்ல நகலை எடுத்து, கெட்டுப்போன கோப்பின் இடத்தில் வைக்கும். ஆகவே டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி பிறகு.

திறக்கவே இல்லை என்றால்

தொடர்ந்து இரண்டு முறை துவங்க முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' முதல் படி. அடுத்தது 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. அதன்பின், முன்பு சேமித்த நிலைக்கு இயங்குதளத்தைத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர், அது முன்பே இயக்கப்பட்டிருந்தால். இவற்றில் எதுவும் உங்கள் புகைப்படங்களையோ ஆவணங்களையோ தொடுவதில்லை. அவசியமான டிரைவர்களோடு மட்டும் கணினியை எழுப்பும் 'சேஃப் மோட்'டுக்கும் இங்கிருந்தே போகலாம்.

சேஃப் மோடின் அருமை 2024 ஜூலை 19 அன்று உலகத்துக்கே தெரிந்தது. அன்று கெடுத்தது விண்டோஸ் அப்டேட் அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட், இந்திய நேரம் காலை 9.39க்கு வெளியானது. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்திருந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்தம் தயாராக இருந்தும் துவங்காத கணினியால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஏராளமான கணினிகளில் ஆட்கள் ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் திறந்து, ஒரேயொரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பல இடங்களில் அதற்கும் முன்னால் ஒரு பூட்டு நின்றது: டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்.

இன்று பல புதிய மடிக்கணினிகளில் இந்தப் பூட்டு நாம் கேளாமலே போடப்பட்டிருக்கிறது. அப்டேட்டுக்குப் பின் திடீரென்று எண் கேட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், கைப்பேசியிலிருந்தே பார்க்கலாம்.

மீட்புத் திரையே கைவிட்டதும் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு அந்தத் திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுசும் வேலை செய்யவில்லை. ஒரு வாரத்துக்குள் அவசரத் திருத்தம் வந்தது.

நிறுத்திவிடலாமா?

இவ்வளவு தொல்லை என்றால் அப்டேட்டே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற தீநிரல், சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே தந்திருந்தது. மாட்டியவை பெரும்பாலும் அதைப் போடாத கணினிகள். ஆகவே அறவே நிறுத்துவது தற்கொலை. செட்டிங்ஸில் ஒரு வாரம் தள்ளிவைக்க வழி இருக்கிறது. மோசமான அப்டேட்டுகளின் வண்டவாளம் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே வெளிவந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. திரும்பும் வழிகள் எல்லாம் இயங்குதளத்துக்கானவை, உங்கள் கோப்புகளுக்கானவை அல்ல. 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட், ஆவணக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியிருந்த சிலரின் பழைய கோப்புறையை வேண்டாத நகல் என்று கருதி, உள்ளே இருந்த கோப்புகளோடு அழித்துவிட்டது. வெளியீட்டைச் சில நாட்களில் நிறுத்தி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி தொடங்கினார்கள். பழைய பதிப்புக்குத் திரும்பியவர்களுக்கு விண்டோஸ் திரும்பியது, கோப்புகள் திரும்பவில்லை.

கணினி நன்றாக ஓடும்போதே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வெளி டிஸ்க்கில் ஒரு காப்பு நகல், பிட்லாக்கர் எண்ணுக்கு ஒரு தாள், மீட்புக்கென்று ஒரு யுஎஸ்பி டிரைவ். இவை கையில் இருந்தால், எல்லா வழியும் அடைபட்டுக் கடைசியில் ஃபார்மட்தான் என்று ஆனாலும் அதில் போகப்போவது ஒரு மாலைப் பொழுது மட்டுமே.