மரத்தில் ஒரு களஞ்சியம்!

"வலுத்தவன் வாழ்வான், இளைத்தவன் ஒழிவான், இதுவே இயற்கை நியதி. பகிர்ந்துண்பதாவது, பங்கு கேட்பதாவது!" மாளிகைவாசிகள் அடிக்கடி அருளும் உபதேசம் இது. இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நல்லது, நாமும் ஒரு சாட்சியை அழைக்கிறோம். குறுக்கு விசாரணையையும் நாமே செய்கிறோம்!

சாட்சியின் பெயர் ஓக்கொட்டை மரங்கொத்தி. அமெரிக்காவின் ஆரிகன், கலிபோர்னியா பகுதிகளிலிருந்து மெக்சிகோ வழியாகக் கொலம்பியா வரை, ஓக் மரங்கள் வளரும் காடுகளிலே வாழ்வது. ஏறக்குறைய மைனா அளவு. உச்சியிலே செந்தொப்பி, நெற்றியிலே வெண்பட்டை, மையெனக் கறுத்த முதுகு, உருட்டி விழிக்கும் வெள்ளைக் கண்! கூத்து மேடைக் கோமாளிதான், சந்தேகமில்லை. ஆனால் அது நடத்தும் குடித்தனமோ, பொருளாதார மேதைகள் குறிப்பெடுக்க வேண்டிய குடித்தனம்.

இலையுதிர் காலத்திலே ஓக் மரம் கொட்டைகளை வாரி வழங்கும். குளிர்காலத்திலே பூச்சிகள் அருகிவிடும். வரும் பஞ்சத்துக்கு இன்றே வழி தேடுகிறது பறவை. தடித்த பட்டையிலும் பட்ட கிளையிலும் துளையிடுகிறது. துளைக்கு ஒரு கொட்டை என இறுக்கிப் பொருத்துகிறது. அணில் வந்து இழுத்தாலும் எளிதில் வராது. கொட்டை காய்ந்து சுருங்கிப் பிடி தளர்ந்தால், எடுத்துச் சிறிய துளையிலே மாற்றி வைக்கிறது. துளைகள் மரத்தின் உயிர்ப்பகுதியைத் தொடுவதில்லை. மரமும் வாழ்கிறது, பறவையும் வாழ்கிறது!

எத்தனை துளைகள்? ஒரே மரத்தில் 50,000 வரை இருப்பதுண்டு. ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சில நூறு துளைகளே புதிதாகப் போடும். கணக்கிட்டுப் பாருங்கள், அந்த மரம் எத்தனை தலைமுறையின் உழைப்பு! பாட்டன் குடைந்த துளையிலே பேரன் பசியாறுகிறான்.

அந்தக் களஞ்சியம் தனியொருவன் சொத்தல்ல. சகோதரர்கள் சிலர், வேறு குடும்பத்திலிருந்து வந்த சகோதரிகள் ஓரிருவர், முன் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள், இப்படிப் பத்துப் பதினைந்து பறவைகள் வரை கூடி வாழ்வதுண்டு. சேர்ந்தே சேமிக்கின்றன, சேர்ந்தே காவல் காக்கின்றன, ஒரே பொந்தில் பிறந்த குஞ்சுகளுக்கு எல்லாமே இரை ஊட்டுகின்றன.

"ஆகா, உத்தமப் பறவைகள்!" என்று உடனே மாலை சூட்டிவிடாதீர்கள். விசாரணை முடியவில்லை.

கலிபோர்னியாவின் மான்டரே மாவட்டத்திலே ஹேஸ்டிங்ஸ் என்றோர் ஆராய்ச்சி வனம் இருக்கிறது. 1968 முதல் அறிஞர்கள் இப்பறவைகளை அங்கே தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன? இரு பெண் பறவைகள் ஒரே பொந்தில் முட்டையிடும்போது, ஒருத்தி முந்திக்கொண்டால், மற்றவள் அந்த முட்டையை வெளியே எடுத்து உடைத்துவிடுகிறாள்! உடன்பிறந்தவள் முட்டையைத்தான்! உடைந்ததைக் குடும்பமே கூடித் தின்கிறது. பிள்ளைகள் வீட்டிலே தங்குவதும் தியாகத்தால் அல்ல. களஞ்சியமுள்ள இடம் வேறெங்கும் காலியில்லை. எங்கேனும் காலியானால், அண்ணன் தம்பிகள் அணி திரண்டு நாட்கணக்கில் போர் புரிகிறார்கள். அயல் மரத்துப் பறவைகள் வந்து வேடிக்கை பார்க்கின்றன. இடைத்தேர்தல் தோற்றது!

அந்த முட்டைப் போர் எப்போது ஓய்கிறது தெரியுமா? இருவரும் முட்டையிட்ட பிறகு! எது தன் முட்டை, எது அவள் முட்டை என்று பிரித்தறிய முடியாத நிலை வந்ததும், உடைக்கும் அலகு ஓய்கிறது. அடைகாக்கும் சிறகு விரிகிறது. என்னுடையது, உன்னுடையது என்ற பேதம் மறைந்த இடத்திலே அமைதி பிறக்கிறது.

சாட்சியம் தெளிவு. ஒற்றுமைக்கு உத்தமர்கள் பிறக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பொறாமையும் போட்டியும் நிறைந்த சாதாரணப் பிறவிகளையும் பொதுக் களஞ்சியம் கட்டிப்போடுகிறது. கொட்டை சேமிக்க வழியற்ற சில இடங்களில் இதே பறவைக்கு நிலையான குடும்பம் அமைவதில்லை. அரிசோனாவின் சில பகுதிகளில், குளிர் வந்ததும் இடம்பெயர்ந்து போய்விடுகிறது. குணம் மாறவில்லை, களஞ்சியம் இல்லை, அவ்வளவே!

ஆகவேதான் அந்த மரம் சாய்வது வெறும் மரம் சாய்வதல்ல. வயலுக்கென்றும் வீட்டுமனைக்கென்றும் கலிபோர்னியாவின் முதிய ஓக் மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டன. ஒரு பகல் போதும் அரத்துக்கு. பல தலைமுறை அலகுகள் குடைந்த கருவூலம் அந்தப் பகலோடு முடிகிறது, குடும்பம் சிதறுகிறது. இன்று நட்ட கன்று களஞ்சியமாக வளர, நட்டவனின் ஆயுளும் போதாது.

இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தோரே! உங்கள் சாட்சி உண்மை சொல்லிவிட்டது. பலர் உழைத்துச் சேர்த்ததைப் பலருக்காகக் காப்பதே வாழ்வு. அதை வெட்டிச் சாய்ப்பவன் வலுத்தவன் அல்லன், கொள்ளைக்காரன்!