பெரிய ஆட்டக்காரராக இல்லாதவர் கால்பந்துப் பயிற்சியாளர் ஆகலாமா?

1994 ஜூலை 17. அமெரிக்காவின் பாசடீனா நகரில் உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. பிரேசிலும் இத்தாலியும் 120 நிமிடங்கள் ஆடியும் கோல் விழவில்லை. பெனால்டி உதைகளில் 3-2 என்ற கணக்கில் பிரேசில் வென்றது. இந்தப் போட்டியைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. இரு அணிகளின் பயிற்சியாளர்களுமே தொழில்முறை ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள் அல்லர்.

இதை இப்போது நாம் நினைவூட்டக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் அஸ்ர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் பந்தோடு திடலில் கூடிவிடுகிறார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. நன்றாக ஆடியவர்களில் பலர் பிழைப்புக்காக வளைகுடாவுக்கோ சென்னைக்கோ போய்விட்டார்கள். ஊரில் இருப்பவர்களைக் கேட்டால், "நான் என்ன பெரிய பிளேயரா?" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். விளைவு என்ன? பலமுள்ள நான்கு பையன்களிடமே பந்து சுற்றுகிறது. சிறியவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சில வாரங்களில் வருவதையே நிறுத்திவிட்டு செல்போனோடு வீட்டில் முடங்கிவிடுகிறார்கள்.

வளைகுடா அறிந்த பயிற்சியாளர்

அன்று வென்ற பிரேசில் அணியின் பயிற்சியாளர் கார்லோஸ் ஆல்பர்டோ பரேரா. உடற்கல்வி படித்தவர். 1967இல், இருபதுகளின் நடுவிலேயே, கானா நாட்டு அணிக்குப் பயிற்சியளித்தார். 1970இல் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணியில் வீரர்களின் உடல்தகுதிக்கான பயிற்சிக் குழுவில் இருந்தார்.

பிறகு குவைத் அவரை அழைத்தது. 1980இல் ஆசியக் கோப்பையை வென்ற குவைத், 1982இல் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. 1988இல் சவூதி அரேபியா ஆசியக் கோப்பையை வென்றபோதும், 1990இல் ஐக்கிய அரபு அமீரகம் உலகக் கோப்பையில் ஆடியபோதும் பயிற்சியாளர் அவரே. மொத்தம் ஆறு உலகக் கோப்பைகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்திருக்கிறார்.

செருப்பு விற்றவர்

இத்தாலியின் பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி, தந்தையின் காலணித் தொழிற்சாலைக்காக விற்பனை வேலை பார்த்தவர். உள்ளூர் அளவிலேயே அவருடைய ஆட்டம் நின்றுபோனது. 26 வயதில் சொந்த ஊர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்த அணியின் கோல் கீப்பருக்கு வயது 39! அங்கிருந்து சிறிய கிளப்புகள், இளையோர் அணிகள் என்று படிப்படியாக ஏறினார். அவர் பயிற்சியளித்த இரண்டாம் நிலை அணியான பார்மா, இத்தாலியக் கோப்பைப் போட்டியில் ஏசி மிலானைத் தோற்கடித்தது. 1987இல் அந்த மிலானே அவரை அழைத்துக்கொண்டது. 1988இல் இத்தாலிய லீக், 1989, 1990 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பை என வெற்றிகள் தொடர்ந்தன.

ஆடாதவர் எப்படிப் பயிற்சியளிக்க முடியும் என்று பத்திரிகைகள் கேட்டபோது, குதிரை ஓட்டுபவர் முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார் சாக்கி.

இரண்டும் வேறு வேறு வேலைகள்

ஆடுபவர் தன் காலுக்கு வரும் பந்தைப் பார்க்கிறார். பயிற்சியாளரோ பந்து இல்லாத இடத்தையும் பார்க்க வேண்டும். யார் நகரவில்லை, எங்கே இடைவெளி விழுகிறது, எந்தப் பிள்ளை பயந்து ஒதுங்குகிறான் என்பதெல்லாம் அவர் கண்ணில் பட வேண்டும். இயல்பாகவே திறமை வாய்த்த ஆட்டக்காரருக்குத் தான் செய்வதை விளக்கத் தெரியாமல் போவதும் உண்டு. தடுமாறிக் கற்றவருக்கு, பிள்ளை எங்கே தடுமாறுவான் என்பது தெரியும்.

அதற்காக ஆட்ட அனுபவம் வீண் என்று நாம் சொல்லவில்லை. கடைசி நிமிடத்தின் பதற்றம், தோற்ற பிறகு மனதில் ஏறும் பாரம் ஆகியவற்றை ஆடியவர் எளிதில் அறிவார். அந்தக் குறையை உழைப்பால்தான் நிரப்ப வேண்டும். பரேராவும் சாக்கியும் பல ஆண்டுகள் சிறிய இடங்களில் உழைத்தே அதை நிரப்பினார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

1. ஆட்டத்தின் 17 விதிகளையும் படியுங்கள். ஊர்ப் போட்டிகளில் நடுவராகவோ கோட்டு நடுவராகவோ நின்று பாருங்கள்.

2. ஏற்கெனவே பயிற்சியளிப்பவருக்கு உதவியாளராகச் சேருங்கள். கூம்பு அடுக்குவதும் பந்து பொறுக்குவதும் இழிவல்ல. மூரினியோ கூட 1992இல் பாபி ராப்சனிடம் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர்தான்.

3. தொலைக்காட்சியில் போட்டி பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு வீரரைப் பத்து நிமிடம் கவனியுங்கள். கண்டதை நோட்டில் எழுதுங்கள்.

4. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு தொடங்குங்கள். முடிந்தால் ஆளுக்கொரு பந்து கொடுங்கள். நீண்ட வரிசையில் காத்திருக்க வைக்காதீர்கள். நான்குக்கு நான்கு என்று சிறிய திடலில் ஆடவிட்டால் ஒவ்வொருவர் காலுக்கும் பந்து அடிக்கடி வரும்.

5. உங்களால் செய்துகாட்ட முடியாததைச் செய்வதுபோல் நடிக்காதீர்கள். நன்றாகச் செய்யும் பையனை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவனுக்கும் அது ஊக்கம்.

6. முறையான சான்றிதழ் பெறுங்கள். இந்தியாவில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'டி' உரிமம் தொடக்க நிலைப் படிப்புகளில் ஒன்று. 18 வயது நிறைந்தவர்கள் சேரலாம்; தொழில்முறையில் ஆடியிருக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 'சி', 'பி', 'ஏ', 'புரோ' என்று படிகள் உண்டு. பயிற்சி முகாம்களின் தேதிகளை மாநிலக் கால்பந்துச் சங்கத்தில் கேட்டறியலாம்.

பிள்ளைகள் அமானிதம்

பயிற்சியாளரை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை அனுப்புகிறாள். கோப்பையை விட அந்த நம்பிக்கை பெரியது. ஆகவே முதலுதவி கற்றுக்கொள்வது கட்டாயம். தலையில் அடிபட்டு மயங்கிய அல்லது தடுமாறும் பிள்ளையை அன்று மீண்டும் ஆடவிடக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அங்கே தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியின்போது தலையால் பந்தை முட்டக் கற்றுக்கொடுப்பதில்லை. நாமும் அதைப் பின்பற்றலாம்.

வெயில் தணிந்த பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள். இடையிடையே தண்ணீர் குடிக்க விடுங்கள். மஃரிபுக்கு முன் முடித்துவிடுங்கள். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி திடல் திறந்திருக்கட்டும். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் தனியாக இருக்க வேண்டாம். திட்டுவதும் அடிப்பதும் பயிற்சி அல்ல.

நம் பெண் பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. தலையை மறைத்து ஆடுவதற்கு 2014இல் ஃபிஃபா முறைப்படி அனுமதி அளித்தது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபுடன் ஆடினார். படித்த சகோதரிகள் பயிற்சியாளராக முன்வந்தால், தயங்கும் பெற்றோர் பலர் மகள்களை மனநிறைவோடு அனுப்புவார்கள்.

நம் திடலிலிருந்து உலகக் கோப்பைக்கு யாரும் போகாமலே இருக்கலாம். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறுவனின் பெயரைச் சொல்லி உள்ளே அழைக்க ஒருவர் வேண்டும். அதற்குப் பெரிய ஆட்டக்காரர் தேவையில்லை. கற்றுக்கொள்ளும் மனமும், நாள் தவறாமல் திடலுக்கு வரும் பொறுப்பும் உள்ளவர் போதும். அவர் நீங்களாகவும் இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.