ஆடிகளிடையே ஒளியும் சாயமும்

ஹைதராபாத்தில் ஹப்சிகுடாவை அடுத்த தார்நாகாவில் இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் இயங்கி வருகிறது. சூரிய ஒளியை மின்சக்தியாக்கும் கலங்களுக்காகப் பார்ஃபிரின், தாலோசயனின் முதலிய சாயப்பொருள்கள் அங்கு ஆராயப்பட்டுள்ளன. இச்சாயங்கள் ஒளியை மிகுதியாக உட்கொள்ளும் இயல்புடையவை. இவ்வியல்பே பௌதிக அறிஞரின் கவனத்தை வேறொரு வகையிலும் ஈர்த்துள்ளது.

சாதாரணமாக, ஒளி பட்ட மூலக்கூறு அதன் சக்தியை ஏற்றுக் கிளர்ச்சியுறுகிறது. பின்னர் அதனை வெப்பமாகவோ ஒளியாகவோ வெளியே விட்டுவிடுகிறது. இரண்டு ஆடிகளை நேருக்கு நேர் நிறுத்தி, இடையே சாயப்படலத்தை வைத்தால் நிலைமை மாறுகிறது. ஆடிகளின் இடைவெளி மயிரிழையின் கனத்தில் நூற்றிலொரு பங்குக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். அவ்விடைவெளியின் அளவுக்கேற்ற நிறமுடைய ஒளியே அதனுள் தங்கும். அந்நிறமும் சாயம் உட்கொள்ளும் நிறமும் ஒன்றாயின், சக்தி வெளியேறுமுன்னரே ஒளிக்கும் சாயத்துக்குமிடையே பன்முறை கைமாறக்கூடும். இதுவே வலிய பிணைப்பு எனப்படும்.

வகுப்பறையில் இதனை எளிதில் விளக்கலாம். சற்றுத் தளர்வாகக் கட்டிய கயிற்றில் சம நீளமுள்ள இரண்டு ஊசல்களைத் தொங்கவிடுக. ஒன்றை ஆட்டினால், சிறிது நேரத்தில் அது நிற்க, மற்றது ஆடும். பின்னர் ஆட்டம் முதல் ஊசலுக்கே திரும்பும். பிணைந்த ஊசல்களுக்கு ஓர் அதிர்வெண்ணுக்குப் பதிலாக இரண்டு உண்டு. அவ்வாறே சாயத்தின் ஒரு நிறமும் இரண்டாகப் பிளவுறுகிறது. ஒளியும் பொருளும் கலந்த இந்நிலைகளுக்குப் போலாரிட்டான் என்று பெயர்.

1992-ல் வைஸ்புஷ் முதலானோர் குறைகடத்திப் படிகத்தில் இதனைக் கண்டனர். அதற்குக் கடுங்குளிர் தேவைப்பட்டது. 1998-ல் ஷெஃபீல்டில் லிட்ஸே குழுவினர் பார்ஃபிரின் படலத்தில், சாதாரண அறை வெப்பத்திலேயே இதனை நிகழ்த்தினர். கரிமச் சாயங்களில் பிணைப்பு மிக வலிதாதலின், அறையின் வெப்பம் அதனைக் குலைப்பதில்லை.

இரசாயன வினையையும் இம்முறையால் மாற்ற இயலுமா என்பதே இன்றைய வினா. ஸ்ட்ராஸ்பூரில் எப்பஸன் குழுவினர் 2012-ல் ஒளியால் நிகழும் வினையொன்று ஆடிகளிடையே மெதுவாவதைக் கண்டனர். 2016-ல், மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்ப இடைவெளியை அமைத்தபோது, ஒளியே பாய்ச்சாமல் வேறொரு வினை பல மடங்கு தாமதமுற்றதென அறிவித்தனர். இஃது உறுதிப்படின், வெப்பமோ ஊக்கியோ இன்றி வினையை ஆள வழி பிறக்கும். ஆயினும் இத்துறையில் அறிவிக்கப்பட்ட வேறு சில வேகமாற்றங்கள், 2021-ல் பிறர் திரும்பச் செய்தபோது காணப்படவில்லை.

ஆகவே நிறம் இரண்டாகப் பிளவுறுவதை மாணவர்க்கு நிலைபெற்ற உண்மையாகவே கூறலாம். வினை மாறுவதையோ, சோதனையிலுள்ள செய்தியாக மட்டுமே கூறுதல் தகும்.