மாமனாரின் சபையில் மருமகன்

மாமனார் நேரு பிரதம மந்திரியாக வீற்றிருந்த சபையில், அவருடைய கட்சியின் ஆசனத்திலேயே அமர்ந்துகொண்டு, அவருடைய மந்திரிகளில் ஒருவர் ராஜிநாமா செய்யும்படி ஆக்கியவர் என்ற அபூர்வமான கீர்த்தி பெரோஸ் காந்தியைச் சேர்ந்தது. 1952-ல் ரேபரேலிப் பகுதியிலிருந்து லோக்சபைக்கு வந்த அவர், முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் மௌனமே சாதித்தார். லக்னோவில் 'நேஷனல் ஹெரால்டு' பத்திரிகையை நிர்வகித்து வரவு செலவோடு மல்லாடிப் பழகியவரின் அந்த மௌனம் சோம்பலால் வந்ததன்று என்பதை 1955 டிசம்பரில் சபை உணர்ந்தது. தொழிலதிபர் டால்மியாவின் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர்களின் பணம் போன வழியை அவர் ஆதாரத்தோடு விவரித்தார். அடுத்த மாதமே ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் தன் வசம் எடுத்துக்கொண்டது.

அவ்விதம் பிறந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனையே இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் குறுக்கு விசாரணை செய்ய நேர்ந்தது விதியின் விநோதம். கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவுக்குச் சம்பந்தமான ஆறு கம்பெனிகளின் பங்குகளை, தன் முதலீட்டுக் கமிட்டியைக் கலந்தாலோசிக்காமலே, சுமார் 1.24 கோடி ரூபாய்க்குக் கார்ப்பரேஷன் வாங்கியிருந்தது. 1957 டிசம்பர் 16 அன்று பெரோஸ் எழுந்து, ஆவேசத்தை நம்பாமல், சந்தை விலையையும் கொடுத்த விலையையும் அருகருகே வைத்துப் பேசினார். பம்பாய்ப் பிரதம நீதிபதி சாக்ளா பகிரங்கமாக நடத்திய விசாரணைக்குப் பின், நிதி இலாகாச் செயலாளரின் செய்கைக்கு மந்திரியே பொறுப்பாளி என்று முடிவாக, 1958 பிப்ரவரியில் நம் சென்னையின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரி பதவியைத் துறந்தார். (பிற்பாடு அதே பதவிக்கு அவர் திரும்பியதும் உண்டு.)

ஆயினும், பெரோஸின் காரியங்களில் தலைசிறந்தது எதுவென்று கேட்டால், தனி அங்கத்தினர் மசோதாவாக அவர் கொண்டுவந்து 1956-ல் நிறைவேறிய ஒரு சின்னஞ்சிறு சட்டத்தையே நான் சுட்டுவேன். சபையில் பேசுகிறவருக்கு வழக்குப் பயமில்லை. அதே பேச்சை அச்சிட்ட பத்திரிகைக்கோ அந்தப் பயம் இருந்தது. துவேஷமின்றி, சாராம்சத்தில் உண்மையாக வெளியிடப்படும் செய்திக்கு அச்சட்டம் பாதுகாப்பு அளித்தது.

1960 செப்டம்பர் 8-ல், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில், அவர் மாரடைப்பால் காலமானார். அவர் பெற்றுத் தந்த அந்தச் சட்டத்தை 1976-ல், நெருக்கடி நிலையின்போது, ரத்துச் செய்தது அவருடைய மனைவி இந்திராவின் சர்க்கார். 1977-ல் ஜனதா சர்க்கார் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அதோடு நில்லாமல், 44-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்திலேயே 361-ஏ பிரிவாக அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டுவிட்டபடியால், இனி அதைப் பறிக்க நினைக்கும் சர்க்காருக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது.